ஓய்வுக்குப் பின் வரும் முடக்கம்: இழுவைக் குதிரைகளின் தசைநோய்

வேலை செய்யும் குதிரைக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு மிகையான உழைப்பு, பட்டினி, காயம், தொற்று என்று ஏதாவது ஒரு கேட்டைக் காரணமாகச் சொல்லிவிடலாம். ஆனால் வயிறு நிறையத் தின்று, ஒருநாளோ இரண்டு நாளோ லாயத்தில் நின்று இளைப்பாறி, எந்தக் குறையும் தெரியாமல் மறுநாள் காலை வேலைக்குப் புறப்படும் குதிரையை, அதிலும் நன்கு தேறிய உடலும் குறையாத தீனியும் உள்ள குதிரையை, புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் தெருவிலேயே முடக்கிப் போடும் தசைநோய் ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் நாடுகளின் வண்டிக்காரர்கள் அதைத் திங்கட்கிழமைக் காலை நோய் என்றார்கள். ஜெர்மானியர்கள் விடுமுறை நாள் நோய் என்றார்கள். கால்நடை மருத்துவ நூல்கள் அசோட்டூரியா என்ற பெயரில் விவரித்தன. இன்றைய மருத்துவம், உழைப்பின்போது நேரும் தசைச் சிதைவு என்ற பொதுவகைக்குள் அதை வைத்துப் பேசுகிறது. பெயர் எதுவானாலும் நோய் வரும் சூழல் மாறவில்லை. உழைத்துப் பழகிய உடல், திடீரென்று வந்த ஓய்வு, அந்த ஓய்விலும் குறைக்கப்படாத தானியம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில்தான் அது தோன்றுகிறது. இம்மூன்றும் சேர்ந்து ஒரு வலிய விலங்கை ஏன் வீழ்த்துகின்றன என்பதற்கு அறிவியல் அடுத்தடுத்து வேறு வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறது; ஆனால் நோய் வராமல் காக்கும் வழி லாயத்தில் வேலை செய்தவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் இதன் வரலாற்றில் முதன்மையாகக் கவனிக்க வேண்டிய செய்தி.

நோயின் தோற்றம் ஒருமுறை கண்டவர் மறக்க முடியாதது. சேணம் பூட்டி வண்டியில் கட்டும்போது குதிரை வழக்கத்தைவிடத் துடிப்பாகவே இருக்கும். கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை சென்றதும் அதன் நடை தளரும். முன்னங்கால்கள் இழுக்க முனையும்போது பின்னங்கால்கள் விறைத்துக் குளம்பின் நுனி தரையில் உரசும். வேலையின் கடுமைக்குச் சற்றும் பொருந்தாத அளவில் வியர்வை வழியும். மூச்சும் நாடித்துடிப்பும் விரையும். பிட்டத்திலும் பின்தொடையிலும் இடுப்புக்கு மேலேயும் உள்ள பெருந்தசைகள் புடைத்து, தொட்டால் மரக்கட்டைபோல் இறுகி இருக்கும். அங்கே கை பட்டாலே குதிரை வலியால் ஒதுங்கும். வலி தாங்காமல் தரையைக் கிளறுவதையும் வயிற்றைத் திரும்பிப் பார்ப்பதையும் கண்டு வயிற்றுவலி என்று கருதி மருந்து கொடுத்தவர்கள் பலர். நோய் இலேசாக இருந்தால் குதிரை அசையாமல் நின்று சில மணி நேரத்தில் தேறும். கடுமையாக இருந்தால் பின்பகுதி தாங்காமல் நாய் உட்காருவதைப்போல் அமர்ந்து, பிறகு பக்கவாட்டில் சரிந்து, எழ முயன்று முயன்று இன்னும் தசையைக் கிழித்துக்கொள்ளும். அடுத்து வரும் சிறுநீர் காப்பியின் நிறத்திலோ அதைவிடக் கறுத்தோ இருக்கும். நின்றபடியே நோயைக் கடந்த குதிரை பிழைக்கும், படுத்துவிட்ட குதிரை பெரும்பாலும் பிழைக்காது என்பதே பழைய மருத்துவர்களின் அனுபவக் கணக்கு. இன்றும் அது பெரிதாகப் பொய்த்துவிடவில்லை.

நோய்க்குக் கிழமையின் பெயர் அமைந்ததற்குக் காரணம் பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரங்களின் உழைப்பு ஒழுங்கு. இருப்புப்பாதை வந்த பிறகு குதிரைகளின் தேவை குறைந்துவிடவில்லை. நிலையத்தில் இறங்கிய சரக்கையும் மனிதரையும் வீடுவரை கொண்டு சேர்க்கக் குதிரையைவிட்டால் வேறு வழியில்லாததால் அது பன்மடங்கு பெருகியது. 1893இல் வெளிவந்த டபிள்யூ. ஜே. கார்டனின் லண்டன் குதிரை உலகம் பற்றிய நூல் பேருந்துக் குதிரை, டிராம் குதிரை, வாடகை வண்டிக் குதிரை, மதுவடிப்பாளர் குதிரை, நிலக்கரி வண்டிக் குதிரை என்று தொழிலுக்குத் தொழில் தனித்தனியே விவரிக்கும் அளவுக்கு அந்த உலகம் விரிந்திருந்தது; அக்காலத்து லண்டனில் சுமார் 3,00,000 குதிரைகள் இருந்ததாகக் கணக்கிடுவது வழக்கம். அரை டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய இழுவைக் குதிரை பாரம் இழுப்பதற்குப் புல் மட்டும் போதாது. ஓட்ஸ், பார்லி, மக்காச்சோளம் போன்ற தானியங்களை நாள்தோறும் பல கிலோ தின்றாக வேண்டும். வாரத்தில் ஆறு நாள் நீண்ட நேரம் உழைக்கும் உடலுக்கு அந்தத் தீனி பொருந்தியது. ஏழாம் நாள் ஞாயிறு. வேலைக்காரருக்கும் கால்நடைக்கும் சேர்த்தே ஓய்வை விதித்த மறைநூலின் கட்டளையைப் பின்பற்றிய சமூகத்தில் அன்று கடைகளும் பட்டறைகளும் மூடப்பட்டன. குதிரைகள் குறுகிய தடுப்புகளுக்குள் கட்டப்பட்டு நின்றன. ஆனால் தீனி மட்டும் வாரநாள் அளவிலேயே தொட்டியில் விழுந்தது. இரக்கத்தால் கொடுக்கப்பட்ட ஓய்வும் தாராளமாகக் கொடுக்கப்பட்ட தீனியும் சேர்ந்தே திங்கட்கிழமையின் துன்பத்தை உருவாக்கின. பனிக்காலத்தில் சாலைகள் உறைந்து வேலை நின்ற நாள்களுக்குப் பிறகும், பண்டிகை விடுமுறைகளுக்குப் பிறகும் இதே நோய் தலைகாட்டியதால், கிழமைக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பில்லை, அசைவின்றி நின்ற நேரத்துக்கும் தீனிக்குமே தொடர்பு என்பது கூர்ந்து கவனித்தவர்களுக்குப் புலப்பட்டது. ஞாயிறு ஓய்வுக்குப் பின் குதிரையின் பின்னங்கால் யானைக்கால்போல் வீங்கும் வேறொரு நோயும் உண்டு. அது நிணநாளங்களின் அழற்சி, தசையைச் சார்ந்ததன்று. திங்கட்கிழமையின் பெயரை இரண்டும் பங்கிட்டுக்கொண்டதால் பழைய குறிப்புகளைப் படிப்பவர் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

கறுத்த சிறுநீரின் பொருள் என்ன என்பதிலிருந்தே உடலுக்குள் நடப்பதை விளக்கத் தொடங்கலாம். தசை, நீண்ட இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழையும் மெல்லிய உறையால் மூடிய ஓர் உயிரணு. சுருங்குவதற்கு மட்டுமல்லாமல், சுருங்கியபின் தளர்வதற்கும், உறைக்கு உள்ளும் வெளியும் உப்புகளின் அளவைச் சரியாக வைத்துக்கொள்வதற்கும் அதற்கு ஆற்றல் தேவை. அந்த ஆற்றல் வற்றினால் இழை தளர முடியாமல் இறுகி நிற்கும்; கால்சியம் உள்ளே பெருகும்; உறை சிதைந்து உள்ளிருப்பவை இரத்தத்தில் கொட்டும். அவ்வாறு கொட்டுபவற்றுள் ஒன்று மயோகுளோபின், அதாவது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப்போலவே இரும்பு கொண்டு, தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் செந்நிறப் புரதம். அளவில் சிறியதாகையால் அது சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாண்டிச் சிறுநீரில் கலந்து அதைக் கறுப்பாக்குகிறது. இவ்வேறுபாடு தெளிவாகும்வரை மருத்துவர்கள் அந்த நிறத்தை இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்ததால் வந்ததென்று கொண்டு, இதை இரத்தத்தின் நோயாகவே வகைப்படுத்தி வந்தனர். சுவீடன் நாட்டு உயிர்வேதியியலாளர் ஹூகோ தியோரெல் 1932இல் குதிரையின் இதயத் தசையிலிருந்து மயோகுளோபினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தது, அது ஹீமோகுளோபினிலிருந்து வேறான தனிப்பொருள் என்பதை ஐயமற நிறுவ உதவியது.

சிறுநீரகத்தின் நுண்குழல்களில் மயோகுளோபின் அடைந்துகொள்வதோடு அவற்றின் உயிரணுக்களையும் கெடுக்கிறது. வியர்வையால் நீர் இழந்த குதிரைக்கு இந்தக் கேடு பன்மடங்காகும். தசைநோயால் விழுந்த குதிரை பல நாள் கழித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறப்பது இதனால்தான். மனித மருத்துவம் இதே நிகழ்வைப் போர்க்காலத்தில் கற்றுக்கொண்டது. லண்டன்மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியபோது இடிபாடுகளில் சிக்கிக் கைகால் நசுங்கியவர்கள், மீட்கப்பட்டுத் தேறுவதுபோல் தோன்றிச் சில நாளில் சிறுநீர் கறுத்து இறந்தார்கள். பைவாட்டர்ஸும் பீலும் 1941இல் அதை விவரித்தனர். நசுங்கிய தசையின் மயோகுளோபினே அந்நிறத்துக்குக் காரணம் என்பது தொடர்ந்து தெளிவாயிற்று. நகரத் தெருக்களில் குதிரைகளுக்கு நேர்ந்ததும் இடிபாடுகளில் மனிதர்களுக்கு நேர்ந்ததும் கடைசி நிலையில் ஒரே நிகழ்வுதான்.

தசை சிதைகிறது என்பது தெளிவான பின்னும் அது ஏன் ஓய்வுக்குப் பிறகு சிதைகிறது என்ற கேள்வி நின்றது. தொடக்ககால விளக்கம், மிகுந்த தீனியால் உடலில் நைட்ரஜன் சார்ந்த கழிவுகள் பெருகுவதையே காரணமாகச் சொன்னது. அசோட்டூரியா என்ற பெயர் அந்தக் கருத்தின் எச்சம். இடுப்பில் குளிர் தாக்குவதாலும் முதுகுத்தண்டின் நரம்புகள் கெடுவதாலும் நோய் வருவதாகச் சொன்னவர்களும் இருந்தனர். இவற்றை ஒதுக்கிவிட்டுத் தசைக்குள்ளேயே காரணத்தைத் தேடியவர் சுவீடனின் கார்ல்ஸ்ட்ரோம். 1930களின் தொடக்கத்தில் அவர் முன்வைத்த விளக்கத்தின் மையம் கிளைகோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை. உணவில் வரும் மாவுச்சத்து குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கிறது. உடனடித் தேவை போக மிஞ்சுவதைத் தசை இழைகள் ஒன்றோடொன்று கோத்துக் கிளைத்த பெருமூலக்கூறாக, அதாவது கிளைகோஜனாக, அடுக்கி வைக்கின்றன. ஓய்வு நாளில் முழுத் தீனி தின்ற குதிரையின் தசையில் கிளைகோஜன் மிகுதியாகச் சேர்கிறது. மறுநாள் வேலை தொடங்கியதும் அது வேகமாக உடைந்து லாக்டிக் அமிலம் பெருகுகிறது. அந்த அமிலம் வெளியேற வழியின்றித் தேங்கித் தசையை அரிக்கிறது என்பது அவர் முடிவு.

கண்ணால் கண்ட எல்லாவற்றையும் ஒழுங்காகக் கோத்துக்காட்டியதாலேயே இந்த விளக்கம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் பாடநூல்களில் கேள்வியின்றி நிலைத்தது. அமிலத்தைப் போக்கச் சமையல் சோடா கொடுக்கும் சிகிச்சையும் அதிலிருந்தே பிறந்தது. ஆனால் அதன் முதற்பாதி சரி, பிற்பாதி தவறு என்பதைப் பின்னர் வந்த அளவீடுகள் காட்டின. முழு வேகத்தில் பாய்ந்தோடும் பந்தயக் குதிரையின் இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தின் அளவு ஓய்வுநிலையைப்போல் இருபது மடங்குக்கு மேல் உயர்கிறது. ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்தில் அது தணிந்துவிடுகிறது. தசைக்கு எந்தக் கேடும் வருவதில்லை. மாறாக, இந்த நோய் வருவதோ ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் மெதுநடையிலும் துள்ளுநடையிலும். அப்போது நோயுற்ற குதிரைகளின் தசையையும் இரத்தத்தையும் சோதித்தால் அமிலம் குறைவாகவே இருக்கிறது. வியர்வையில் குளோரைடை இழப்பதால் பல குதிரைகளின் இரத்தம் அமிலத்தன்மைக்கு எதிர்ப்பக்கமாகவே சாய்ந்திருக்கும் என்பதால், அவற்றுக்குச் சோடா கொடுப்பது உதவாது என்பதோடு தீங்காகவும் முடியும். கார்ல்ஸ்ட்ரோம் கிளைகோஜனைக் குற்றவாளியாகச் சுட்டியது ஆழமான கவனிப்பு. அமிலத்தை அதன் ஆயுதமாகக் கொண்டதே பிழை.

அந்தக் கிளைகோஜனை நோக்கியே ஆய்வு மீண்டும் திரும்பியது. ஸ்டெஃபனி வால்பெர்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1992இல், அடிக்கடி தசைச் சிதைவுக்கு ஆளான அமெரிக்கக் குவார்ட்டர் இனக் குதிரைகளின் பின்தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, இழைகளுக்குள் வழக்கத்தைவிடப் பெருமளவு கிளைகோஜனும், அதோடு இயல்பான கிளைகோஜனைக் கரைக்கும் நொதிக்கு மசியாத திரளான ஒரு பொருளும் இருப்பதைக் கண்டனர். அந்நிலைக்குப் பல்சர்க்கரைச் சேமிப்புத் தசைநோய் என்று பெயரிடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, 1997இல், பெத் வாலன்டைன் அதே திரளைப் பெர்செரான், பெல்ஜியன் போன்ற பெரிய இழுவைக் குதிரைகளின் தசையிலும் எடுத்துக்காட்டினார். இந்தக் கண்டுபிடிப்பின் முக்கியத்துவம், நகரத் தெருக்களில் விழுந்த குதிரைகளின் உறவினத்தையே அது நுண்ணோக்கியின் கீழ் கொண்டுவந்தது என்பதில் இருக்கிறது. 2008இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மாலி மெக்யூவும் வால்பெர்க்கும் அவர்களது குழுவினரும் அதன் மரபணுக் காரணத்தை வெளியிட்டனர். தசையில் கிளைகோஜனை உருவாக்கும் நொதிக்கான ஜிஒய்எஸ்1 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதன் விளைவாக அந்நொதியின் 309ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஹிஸ்டிடின் அமர்ந்திருந்தது.

மரபணுப் பிழைகள் பெரும்பாலும் ஒரு நொதியை முடக்குபவை. இதுவோ நொதியை ஓயாமல் இயங்கவிடுகிறது. இயல்பான குதிரையில் தசைக்கு ஆற்றல் தேவைப்படும்போது கிளைகோஜனைக் கட்டும் நொதி அடங்கி, உடைக்கும் நொதி எழும். மாற்றமுற்ற குதிரையில் கட்டும் நொதி அடங்குவதேயில்லை. தானியம் தின்றபின் இரத்தத்தில் உயரும் இன்சுலின் அதை மேலும் தூண்டுகிறது. கிளைகளை அமைக்கும் மற்றொரு நொதி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாததால் கிளை குறைந்த, எளிதில் உடையாத திரள் சேர்கிறது. இதன் விளைவு வியப்பானது. நெல் நிறைந்த குதிர் இருக்க வீடு பட்டினி கிடப்பதைப்போல, இயல்பைவிட மிகுதியாக ஆற்றலைச் சேமித்துவைத்த தசை, மெதுவான வேலையில்கூட ஆற்றலின்றித் தவிக்கிறது. கிளைகோஜனுக்கு மாற்றான எரிபொருள் கொழுப்பு. ஆனால் உயர்ந்து நிற்கும் இன்சுலின் உடலின் கொழுப்புக் கிடங்கிலிருந்து அதை வெளிவிடாமல் தடுக்கிறது. ஓய்வு நாளின் தானியம் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் பயன்படாத சேமிப்பைப் பெருக்கி, மறுபக்கம் மாற்று எரிபொருளையும் அடைத்துவிடுகிறது என்பதை உணர்ந்தால் திங்கட்கிழமைக் காலையின் புதிர் பெருமளவு அவிழ்ந்துவிடும். வேலை தொடங்கிய முதல் அரைமணி நேரமே ஆபத்தானது ஏன் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

இந்த மாற்றம் ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே நோய்க்குப் போதும். இருபதுக்கும் மேற்பட்ட இனங்களில் அது காணப்படுகிறது. அந்த இனங்கள் யாவற்றிலும் மரபணுவைச் சுற்றியுள்ள பகுதி ஒரேபோல் இருப்பதால், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, இன்றைய இனங்கள் பிரிவதற்கு முன்பே, ஒரே மூதாதையிடம் தோன்றிப் பரவியது என்று ஆய்வாளர்கள் கொள்கின்றனர். ஐரோப்பியப் பெருநிலத்தின் இழுவை இனங்களில் அதன் பரவல் திகைக்கவைக்கிறது. 2010இல் வெளியான ஆய்வில் சோதிக்கப்பட்ட பெல்ஜிய இழுவைக் குதிரைகளில் 100க்கு 90க்கு மேற்பட்டவையும், பிரான்சின் கோம்துவா இனத்தில் ஏறக்குறைய 80உம் அந்த மாற்றத்தைத் தாங்கியிருந்தன. தீங்கான ஒன்று இத்தனை பரவியிருப்பதற்கு, ஒருகாலத்தில் அது நன்மை செய்திருக்க வேண்டும் என்பது ஏற்கத்தக்க ஊகம். தானியம் அரிதாகவும் உழைப்பு நாள்தோறும் தவறாமலும் இருந்த பழைய பண்ணைகளில், சிறிதளவு தீனியிலும் உடல் தேறி வலுவாகத் தெரிந்த குதிரையையே உழவர் இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்திருப்பார். அதே உடல் தானியம் குவிந்த தொட்டிக்கும் அசைவற்ற ஞாயிறுக்கும் வந்து சேர்ந்தபோது அதன் சிக்கனமே அதற்குப் பகையாயிற்று.

எனினும் மரபணுவோடு கதையை முடித்துவிடுவது தவறு. பிரிட்டனின் பெருமையான ஷயர், கிளைட்ஸ்டேல் ஆகிய இழுவை இனங்களில் இந்த மாற்றம் மிக அரிது. ஆனால் அவ்வினங்கள் நிறைந்த பிரிட்டிஷ் நகரங்களிலும் திங்கட்கிழமை நோய் நன்கறியப்பட்டதாக இருந்தது. எனவே பழைய வண்டிக்காரர்கள் ஒரே பெயரால் அழைத்தது உண்மையில் பல நோய்களின் கூட்டம் என்று கொள்வதே பொருத்தம். பந்தயத்துக்கு வளர்க்கும் தரோபிரெட் குதிரைகளில் ஜிஒய்எஸ்1 மாற்றம் காணப்படுவதில்லை. ஆனால் அவற்றுள் 100க்கு 5 முதல் 7 வரையானவை பயிற்சியின்போது இதே அறிகுறிகளோடு முடங்குகின்றன. அவற்றில் கிளைகோஜன் இயல்பாகவே இருக்க, இழைக்குள் கால்சியத்தை விடுவித்தும் திரும்ப அடக்கியும் வைக்கும் ஒழுங்கிலேயே கோளாறு இருப்பதாகக் கருதப்படுகிறது. பதற்ற இயல்புள்ள இளம் பெட்டைக் குதிரைகளிடம் அது மிகுதி. வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவற்றின் குறையாலும், வியர்வையில் உப்புகள் வற்றுவதாலும், பழக்கமில்லாத கடும் உழைப்பாலும் தசை சிதையலாம். சில மேப்பிள் வகை மரங்களின் விதையில் உள்ள ஹைப்போகிளைசின் என்ற நஞ்சு, மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் குதிரையைக்கூட எந்த உழைப்புமின்றிக் கறுத்த சிறுநீரோடு வீழ்த்துகிறது. இவ்வளவு வேறுபட்ட காரணங்களுள் பந்தயக் குதிரையின் நோயும் இழுவைக் குதிரையின் நோயும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. இரண்டும் ஓய்வு நாளுக்குப் பின்னரே மிகுதியாக வருகின்றன. தானியத்தைக் குறைத்து அன்றாடம் நடக்கவிட்டால் இரண்டும் குறைகின்றன.

இதை லாயத்தினர் எந்த ஆய்வும் இல்லாமல் அறிந்திருந்தனர் என்பதற்குச் சனிக்கிழமை இரவில் ஓட்ஸைக் குறைத்துவிட்டு வெந்நீரில் ஊறிய கோதுமைத் தவிட்டைக் கொடுத்த பிரிட்டிஷ் லாயங்களின் வழக்கமே சான்று. தவிட்டுக்கென்று தனிச் சிறப்பு ஏதுமில்லை. திடீரென்று தீனியை மாற்றுவது குதிரையின் குடலுக்கு நல்லதுமன்று. அன்று நன்மை செய்தது தொட்டியில் விழாமல் போன ஓட்ஸ்தான். ஞாயிற்றுக்கிழமையும் குதிரைகளைக் கடிவாளம் பிடித்துச் சிறிது தூரம் நடத்திவந்த லாயங்களும், திங்கட்கிழமை முதல் பாரத்தைக் குறைத்து மெதுவாகத் தொடங்கிய வண்டிக்காரர்களும் அதே அறிவைக் கையாண்டவர்களே. இன்றைய பரிந்துரை அதை எண்களால் கூர்மையாக்கியிருக்கிறது. பல்சர்க்கரைச் சேமிப்பு நோயுள்ள குதிரையின் அன்றாட ஆற்றலில் மாவுச்சத்தும் சர்க்கரையும் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. சர்க்கரை குறைந்த உலர்புல்லே முதன்மை உணவாக இருக்க வேண்டும். கூடுதல் ஆற்றல் தேவைப்படும் குதிரைக்குத் தாவர எண்ணெயோ எண்ணெய் நீக்காத அரிசித் தவிடோ படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கலாம். ஆனால் உணவுமுறை மட்டும் போதுமென்று நம்பிக் குதிரையைக் கட்டியே வைத்திருப்பவர்கள் ஏமாற்றமே அடைகிறார்கள். நாள்தோறும் தவறாத உடற்பயிற்சியும், திறந்தவெளியில் உலவவிடுவதும் சேரும்போதுதான் பலன் முழுமையாகிறது. நாள்தோறும் இயங்கும் தசையில் கொழுப்பையும் சர்க்கரையையும் எரிக்கும் நொதிகள் வலுப்பெறுவதே அதற்குக் காரணம். 48 மணி நேரத்துக்கு மேல் லாயத்தில் அடைத்து வைக்கக்கூடாது என்பது நோயுள்ள குதிரைகளுக்கான பொதுவான எச்சரிக்கை. மருத்துவக் காரணத்தால் அடைத்துவைத்தே ஆகவேண்டுமென்றால், அன்றே தானியத்தை நிறுத்திவிட வேண்டும்.

நோய் தாக்கிய நேரத்தில் மனிதர் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது, விறைத்துப் போன குதிரையை அதட்டியோ அடித்தோ நடக்கவைத்து லாயம்வரை கொண்டுசெல்வது. ஒவ்வோர் அடியும் இன்னும் பல இழைகளைச் சிதைக்கும். நின்ற இடத்திலேயே சேணத்தைக் கழற்றி, குளிரானால் போர்த்தி, வெயிலானால் நிழல் தந்து, குடிக்கத் தண்ணீர் வைத்து, மருத்துவரை வரவழைப்பதே செய்யத்தக்கது. கொண்டுசெல்லத்தான் வேண்டுமென்றால் வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும். மருத்துவர் முதலில் வலியையும் பதற்றத்தையும் தணித்து, நீர்ச்சத்தை இரத்தக் குழாய்வழி ஈடுசெய்து சிறுநீரகத்தைக் காக்க முனைவார். நீரிழந்த குதிரைக்குச் சில வலிநீக்கிகளே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் அவற்றை நீர்ச்சத்து ஈடான பின்னரே கொடுக்க வேண்டும். இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதியின் அளவு, தாக்குதலுக்குப் பின் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து சில நாளில் இறங்கும். ஏஎஸ்டி என்ற மற்றொரு நொதி ஒரு நாள் கழித்து உயர்ந்து வாரக்கணக்கில் நீடிக்கும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தசை எப்போது சிதைந்தது, இன்னும் சிதைந்துகொண்டிருக்கிறதா என்பதை அறியலாம். பழைய காலத்தில் இரத்தம் வடித்தும் பேதிக்குக் கொடுத்தும் ஏற்கெனவே நீரிழந்த குதிரையை மேலும் வற்றச் செய்ததை நினைத்தால், அன்று விழுந்தவற்றுள் எத்தனை நோயால் இறந்தன, எத்தனை சிகிச்சையால் இறந்தன என்ற வருத்தம் எழாமல் இல்லை.

மோட்டார் வண்டிகள் வந்து நகரத் தெருக்களிலிருந்து குதிரை விலகியதோடு இந்த நோயும் மறைந்துவிடும் என்றே எதிர்பார்க்கத் தோன்றும். நடந்தது அதற்கு மாறானது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று பெரும்பாலான குதிரைகள் பொழுதுபோக்குச் சவாரிக்காக வளர்க்கப்படுகின்றன. உரிமையாளர் வாரநாள்களில் வேலைக்குச் சென்றுவிட, குதிரை ஐந்து நாள் நின்று தின்று, சனியும் ஞாயிறும் திடீரென்று உழைக்கிறது. பழைய வாரத்தில் ஆறு நாள் உழைப்பும் ஒருநாள் ஓய்வுமாக இருந்தது தலைகீழாகி, ஆபத்தான காலை திங்களிலிருந்து சனிக்கு இடம் மாறியிருக்கிறது. பழைய லாயங்களில் நோயின் முன்குறியை அறிந்த மூத்த குதிரைக்காரர் ஒருவராவது இருப்பார். இன்றைய உரிமையாளருக்கு அந்த அறிவைச் சொல்லித் தர ஆளில்லை. அவர் விலைகொடுத்து வாங்கும் இனிப்பூட்டிய தானியக் கலவையைக் குதிரை விரும்பித் தின்பதையே நலத்தின் அடையாளமாகக் கொள்கிறார். முதல் தாக்குதல் வந்தபின்னும், குதிரை சோம்பேறித்தனத்தால் நடக்க மறுக்கிறது என்று கருதிச் சவுக்கை எடுப்பவர்கள் இல்லாமல் இல்லை. வலியால் நின்றுவிட்ட விலங்கைப் பிடிவாதக்காரன் என்று தண்டிப்பதைப்போன்ற அநீதி வேறில்லை.

ஜிஒய்எஸ்1 மாற்றத்தைக் கண்டறியத் தசையை வெட்டியெடுக்க வேண்டியதில்லை. வேரோடு பிடுங்கிய சில பிடரிமயிர்களோ சிறிதளவு இரத்தமோ போதும். மாற்றம் ஏறக்குறைய எல்லாக் குதிரைகளிலும் பரவிவிட்ட பெல்ஜிய இழுவை இனத்தில் அதை ஒரே தலைமுறையில் களைய முனைந்தால் இனமே சுருங்கிவிடும் என்பதால், அங்கே பொலிகுதிரைகளைச் சோதித்து, இரு பெற்றோரும் மாற்றத்தைத் தாங்கிய இணைகளைத் தவிர்த்துப் படிப்படியாகக் குறைப்பதே நடைமுறைக்கு ஒத்தது. மாற்றம் குறைவாக உள்ள இனங்களிலோ தயங்குவதற்குக் காரணமே இல்லை. சோதிக்காமல் பொலிகுதிரையை இணைசேர்ப்பது, தெரிந்தே ஒரு குட்டியை நோய்க்கு ஒப்படைப்பதாகும். குதிரை வளர்ப்போர் சங்கங்கள் இந்தச் சோதனையைப் பொலிகுதிரைப் பதிவின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும்; குதிரையை ஓய்வுக்கு விடும் எவரும் அன்று மாலையே தானியத் தொட்டியைக் குறைத்துவிட்டு, மறுநாள் அதைக் கட்டுத்தறியில் வைக்காமல் வெளியில் உலவவிட வேண்டும்.